ஹட்டனில் ஸ்டார்ட் ஆகும், றொசல்லையில் ஆகாது

எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு ஆள் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஹட்டனிலிருந்து மெக்கானிக் பாஸ் வந்து பொனட்டைத் திறந்தால் போதும், ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். அவர் தேத்தண்ணி குடித்து, கூலி வாங்கி, பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில் மறுபடியும் செத்துக் கிடக்கும். இறக்கத்தில் உருட்டி எப்படியோ உயிர் வரவைத்து ஹட்டனுக்கே கொண்டுபோனால் அங்கே அது பிழையே செய்யாத பிள்ளை. கராஜ்காரர் நாலு தரம் நிறுத்தி நாலு தரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டு, “இதுல என்னங்க குறை?” என்பார். குறை காரில் இல்லை, றொசல்லைப் பனியில் இருக்கிறது என்று தோட்டமே முடிவு கட்டியிருந்தது.

அப்பா தோட்டத்துப் பெரிய கிளாக்கர். எழுபதுகளில் ஒரு கிளாக்கர் கார் வைத்திருந்தால் தொரைக்கு ஒரு விளக்கம், யூனியன்காரருக்கு ஒரு விளக்கம் என்று இரண்டு சொல்ல வேண்டியிருக்கும். அப்பா இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: “ஓடினாத்தானே அது கார்!”

மைனர் பிரிட்டனில் 1948இல் வெளிவந்தது. 1971 வரை செய்தார்கள். பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். எங்களுடையதில் 948 சி.சி. இன்ஜின் இருந்ததால் 1956க்கும் 1962க்கும் நடுவில் பிறந்தது என்று கணிக்கலாம். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. ஐம்பதுகளின் கடைசியில் அந்த ஓர் எழுத்தை அழிக்கவும் அழித்ததற்குப் பதிலடி கொடுக்கவும் நாடு முழுக்கத் தார் வாளியும் தூரிகையும் புறப்பட்டன. எங்கள் காரின் தகட்டில் தார் படவில்லை. வண்டி வெளியே வந்தால்தானே படும்.

1970க்குப் பிறகு கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்நியச் செலாவணி இல்லை. உதிரிப்பாகம் என்றால் பெர்மிட், பெர்மிட் என்றால் கொழும்பு, கொழும்பு என்றால் தெரிந்த ஆள். ஆகவே மலைநாட்டில் எந்தச் சாமானும் சாகவில்லை, மறுபிறவி எடுத்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் போயிண்ட் தேய்ந்தால் அரத்தால் ராவி மறுபடி பூட்டினார்கள். அதன் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, 0.38 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதை அளக்கும் தகடு யாரிடமும் இல்லை, சிகரெட் பெட்டி அட்டை இருந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வேர், இந்தக் காருக்கான பாகங்களைச் செய்விக்க இலங்கையைத்தான் தேடி வந்தார். சிகரெட் அட்டைக் காலத்து ஆட்களைப் பார்த்திருந்தால் இன்னும் இருபது வருடம் முந்தி வந்திருப்பார்.

பனிமேல் பழி விழுந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து ஏறும் கோச்சி, வட்டவளையைத் தாண்டி றொசல்லைக்கு வந்துதான் ஹட்டனைப் பிடிக்கும். 1884இல் ஹட்டனுக்குப் பாதை போட்டவர்கள் மழையோடு மல்லுக்கட்டித்தான் போட்டிருக்க வேண்டும். இலங்கையில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்று வட்டவளை. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் தலையணை ஈரம், உப்பு ஈரம், பைல்கட்டு ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? கொயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் அந்த மூடிக்குள் வந்து பிளக்குகளுக்குப் பிரிந்து போகிறது. உள்ளே பனித்துளி படிந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஊர்ந்து இன்ஜின் இரும்புக்குள் இறங்கிவிடும். இன்ஜின் சுற்றும், பிடிக்காது.

இதற்கு அப்பா கண்டுபிடித்த வைத்தியத்தை வேறு ஊரில் செய்ய முடியாது. மூடியைக் கழற்றித் துணியில் சுற்றி, தேயிலை ஸ்டோருக்கு அனுப்பிவைப்பார். அங்கே ட்ரையரிலிருந்து 90 பாகை அளவில் சூடு வீசிக்கொண்டிருக்கும். அதன் ஓரமாகக் கொஞ்ச நேரம் வைத்தால் மூடி மொறுமொறுவென்று காய்ந்து வரும். டீமேக்கர் ஐயாவுக்கு இது பிடிக்காது. “பி.ஓ.பி. தேயிலையில பெற்றோல் வாசம் அடிச்சா கொழும்பு ஏலத்துல நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?” என்று கேட்பார். அந்த ஏலம் 1883இல் தொடங்கியது. அத்தனை வருடப் பெயரை எங்கள் மூடி கெடுத்துவிடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார். மூடியில்தான் தேயிலை வாசம் வந்ததே தவிர, தேயிலையில் ஒன்றும் வரவில்லை.

காய்ந்த மூடியைப் பூட்டினால் கார் ஸ்டார்ட் ஆகும். பல நாள் ஆகும். ஆகாத நாளும் உண்டு. அந்த ஆகாத நாளைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் தோட்டத்து லொறி டிரைவர். லொறியில் கொழுந்தும் உரமும் ஏற்றி, அவசரத்துக்கு நோயாளியையும் ஏற்றி, அதே லொறியைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகியவர். அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசுவார், ஆனால் காரென்று வந்தால் குரலில் ஒரு கண்டிப்பு ஏறிவிடும்.

“ஐயா, ஸ்டார்ட் ஆகலன்னு மட்டும் சொல்லாதீங்க. சுத்துதா, சுத்தலையா? அத மொதல்ல சொல்லுங்க.”

அந்த ஒரு கேள்வியில் பாதி நோயைப் பிரித்துவிடுவார். சுற்றவில்லை என்றால் பெட்டரி, அதன் முனைகள், பெட்டரியை உடம்போடு இணைக்கும் எர்த் பட்டை, செல்ப் மோட்டர். அந்தக் கால மோட்டரின் பல்சக்கரம் முன்னால் பாய்ந்து இன்ஜின் சக்கரத்தைக் கவ்வும். கவ்வியபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது காரை டொப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். தோட்டத்துப் பிள்ளைகள் காரை ஆட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கிளாக்கர் ஐயாவின் கார்மேல் யாருக்கோ கோபம் என்று நினைத்திருக்கக்கூடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் நெருப்பு இல்லை அல்லது பெற்றோல் இல்லை. பெற்றோலுக்குக் காதுதான் கருவி. சாவியைத் திருப்பினால் மைனரின் எஸ்.யு. மின்பம்ப் டக் டக் டக் என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் ஓயும். ஓயாமல் அடித்தால் டாங்கி காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லை என்றால் பம்பின் போயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்பானர் கைப்பிடியால் செல்லமாக ஒரு தட்டு. நெருப்புக்குக் கண். மூடியின் நடுவயரை உருவி, இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தால் நீலப்பொறி பாய வேண்டும். வயரைப் பிடிக்கும் வேலை எப்போதும் எனக்குத்தான் வரும். அதில் இருந்த பயத்தை இங்கே எழுதி மாளாது.

ஹேண்டல் போட்டுச் சுற்றும் முறையும் இருந்தது. முன் பம்பர் வழியாகக் கம்பியை நுழைத்துக் கையால் இன்ஜினைச் சுற்றுவது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும், வளைத்துப் பிடித்தால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறியும். இதைச் சொல்லிக்கொடுக்காத பெரியவர் அன்றைக்கு இல்லை. படிப்பைப் பற்றிக்கூட அத்தனை கறாராகச் சொன்னதில்லை.

டிரைவர் கடைசியில் போட்ட நிபந்தனை விசித்திரமாக இருந்தது. “ஐயா, வண்டி நல்லா இருக்கிறப்ப என்னைக் கூப்பிடாதீங்க. நல்லா இருக்கிறதப் பாத்து நான் என்ன செய்ய? அது செத்துக் கெடக்கிறப்ப கூப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. மூடியத் தொறக்கக்கூடாது. தொடைக்கக்கூடாது.”

ஒரு காலையில் அப்படியே நடந்தது. பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருந்தார்கள். அவர் வந்தார், மூடியைத் தொடவில்லை. ஒரு சின்ன பல்பின் இரு முனையிலும் வயர் சுற்றி வைத்திருந்தார். ஒரு முனையைக் கொயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து, என்னை ஹேண்டலை மெதுவாகச் சுற்றச் சொன்னார். போயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அன்றைக்கு அது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. டிரைவர் சிரித்தார். “ஈரமுமில்ல, பனியுமில்ல. வயரு.”

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு மெல்லிய வயர், போயிண்டுக்குப் போவது. அக்சிலரேட்டரின் போக்குக்கு ஏற்ப உள்ளே ஒரு தட்டு அசைகிறது, தட்டோடு வயரும் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, வெளித்தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருந்தன. இழைகள் தற்செயலாக முட்டிக்கொண்டிருந்தால் கார் ஓடும், விலகினால் நிற்கும். பாஸ் வந்து மூடியைக் கழற்றி, உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்த்ததும் இழைகள் சேர்ந்துகொள்ளும். அதாவது குறையைத் தேடிய கையே குறையை மறைத்துக்கொண்டிருந்தது. மூடி ஸ்டோருக்குப் போய்வந்த நாட்களிலும் பாதி நாள் காரணம் சூடு அல்ல, கழற்றிப் பூட்டியபோது ஏற்பட்ட அசைவுதான். டீமேக்கர் ஐயா இதைக் கேட்டு அடைந்த திருப்தியை விவரிக்கத் தேவையில்லை.

பழைய இஸ்திரிப்பெட்டி வயரிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டார். காசு செலவில்லை.

அந்தக் காரைத் தள்ளியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்துப் பையன்கள். காலையில் ஒரு கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள், ஈரத்தில் வழுக்கி வழுக்கித் தள்ளுவார்கள். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் கார் துள்ளிப் புகையைக் கக்கிவிட்டு அவர்களை அங்கேயே விட்டுப் போகும். தள்ளியவர் யாரும் அதில் ஏறியதில்லை. லயத்து ஆட்கள் எங்கள் காருக்குள் உட்கார வேண்டுமானால் பிரசவ வலி வந்திருக்க வேண்டும், அல்லது உயிர் போய்க்கொண்டிருக்க வேண்டும். லொறி வெளியே போயிருந்த இரவுகளில் அப்பா டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். அப்போதும் தள்ளியது உள்ளே வலியில் இருந்த பெண்ணின் அண்ணன் தம்பிகளே. அப்பா நல்லவர் என்று தோட்டத்தில் சொன்னார்கள். நல்லவர்தான். காரின் உட்புறம் எப்படி இருக்கும் என்று ஆரோக்கியமான ஒருவருக்கும் அவர் காட்டியதில்லை என்பதும் உண்மைதான்.

இனி இன்றைய கதை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. காரணம் பழையதுதான், அந்நியச் செலாவணி. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது, திறந்த கதவில் வரி நின்றுகொண்டிருந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் என்னுடைய தொண்ணூறுகளின் ஜப்பான் கார், நான் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு பெறுமதியான சொத்தாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எதுவும் செய்யாமல் பணக்காரராக இதைவிட நல்ல வழி கிடையாது. அந்தச் சொத்து காலையில் ஸ்டார்ட் ஆகாது என்பது மட்டும்தான் குறை.

அதுவும் ஒட்டோ கியர். தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஒட்டோ கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் வந்தால்தான் கியர் பிடிக்கும், அழுத்தம் கொடுக்கும் பம்பை இன்ஜின்தான் சுற்ற வேண்டும், இன்ஜினோ ஓடவில்லை. எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் உருளும், இன்ஜின் அசையாது. தள்ள ஆளில்லாத காலத்துக்கு ஏற்ற கண்டுபிடிப்பு.

தள்ளியே ஆக வேண்டிய ஒரு காலமும் நடுவில் வந்தது. 2022இல் பெற்றோல் வரிசை. முன்வண்டி நகர்ந்தால் யாரும் ஸ்டார்ட் பண்ணி நகர்த்தவில்லை, இருந்த சொட்டை மிச்சம் பிடிக்க எல்லோரும் இறங்கித் தள்ளினோம். டொக்டரும் தள்ளினார், தொரையும் தள்ளினார். ஜூலையில் கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனது. என் காரின் நோய் அந்த மாதங்களில் எவர் கண்ணிலும் படவில்லை. இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது என் கார் ஒன்று அதிகமாக நின்றதை யார் கவனிப்பார்?

வரிசைகள் போன பிறகு நோய் வெளியே தெரிந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விட்டு விட்டுத் திருப்பினால் திடீரென்று ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஹட்டனுக்குக் கொண்டுபோனால் அங்கே பிழையே செய்யாது. இந்தக் குணம் எங்கள் குடும்பக் கார்களுக்கு எப்படித்தான் பரம்பரையாக வருகிறதோ.

கராஜில் இருந்த தம்பி கெட்டிக்காரர். கையில் ஸ்கேனர், அதிலிருந்து போனுக்குப் படம் வரும். ஆனால் செருகும் முனை என் காருக்குப் பொருந்தவில்லை. இந்த முனை ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்று அமெரிக்கா கட்டாயப்படுத்தியது 1996இல், என் கார் அதற்கு முந்தியது, அந்தத் தம்பிக்கும் முந்தியது. போனில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தார்: பொனட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் இரண்டு துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டும், சிமிட்டும் முறையைப் பார்த்து நோயை வாசிக்கலாம். இணைத்தார். விளக்கு ஒரே சீராகச் சிமிட்டியது. குறை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அது சென்சர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளை அது பார்ப்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது.

பிறகு மாற்றும் படலம். முதலில் பெட்டரி. புதுப் பெட்டரியோடு கொஞ்ச நாள் அருமையாக ஓடியது, ஆகவே பெட்டரிதான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பிறகு மறுபடி ‘டிக்’. அடுத்தது சாவி சுவிட்ச். அடுத்தது கியர் சுவிட்ச், P இல் சுற்றாமல் N இல் சுற்றினால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும், என் கார் இரண்டிலும் பாரபட்சமில்லாமல் நின்றது, இருந்தாலும் மாற்றினார்கள். கடைசியாக, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் எடுப்பிக்கலாம் என்று யோசனை வந்தது. அப்பா காலத்தில் சாமான் இல்லை, மூளையால் பார்த்தார்கள். இன்றைக்குச் சாமான் இருக்கிறது. இறக்குமதி நின்ற இரண்டு காலங்களில் பின்னதில்தான் நாங்கள் நிறைய வாங்கினோம் என்பது பொருளாதாரம் படித்தவர்கள் விளக்க வேண்டிய விஷயம்.

தீர்த்துவைத்தவர் அந்தத் தம்பியின் தாத்தா. லயத்திலிருந்து வந்து மைனரைத் தள்ளிய பையன்களில் ஒருவர், இப்போது எழுபதைத் தாண்டியவர். அவர்களுடைய வீட்டு வாசலில் திரீவீலர் ஒன்றும் வேனும் நிற்கின்றன, இரண்டும் தினமும் ஸ்டார்ட் ஆகின்றன. டிக்கோயாவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் மோடி வந்து திறந்தார். அங்கே கிளினிக் நாளில் என்னை ஏற்றிப் போவது அந்தத் திரீவீலர்தான். நான் பிரசவ வலியிலும் இல்லை, உயிரும் போகவில்லை, ஆனாலும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கார் செத்துக்கிடந்த ஒரு காலையில் அவர் வேலியோரம் நின்று பேரனிடம் சொன்னார்: “பெரிய லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பச் சொல்லுடா சேர.”

திருப்பினேன். டிக். முன்விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை.

“பெட்டரி நல்லாருக்கு, லைன் நல்லாருக்கு. டிக்குன்னு சத்தம் வருது, ஆனா மோட்டர் கரண்ட குடிக்கல. உள்ளுக்க செம்பு தேஞ்சிருக்கும்.”

பேரன் ஸ்டார்ட்டரைக் கழற்றினார். சொலினொயிட்டுக்குள் இரண்டு செம்புத் துண்டுகள், நடுவில் ஒரு வட்டத் தகடு வந்து அவற்றைத் தொட்டால்தான் மோட்டருக்குக் கரண்ட் போகும். ஒரு துண்டு பாதிக்கு மேல் தின்னப்பட்டிருந்தது. தகடு சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. புதுப் பெட்டரியின் வேகத்தில் கொஞ்ச காலம் ஓங்கி அடித்துத் தொட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஜப்பான் ஸ்டார்ட்டர்களில் இது ஊரறிந்த தேய்மானம். செம்புத் துண்டுகளை மட்டும் தனியாக வாங்கலாம், பெட்டரி விலையோடு ஒப்பிட்டால் சில்லறை. எங்கே படித்தீர்கள் என்று தாத்தாவைக் கேட்டேன். “உங்க அப்பாரு காரத் தள்ளிட்டு நிக்கிறப்ப லொறி டிரைவர் பேசுறதக் கேட்டதுதான்” என்றார். நான் வயரைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபோது பின்னால் நின்றவர்கள் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் ஆகாத காலையில் கராஜுக்குப் போன் எடுக்குமுன் முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு செத்தே போனால் பெட்டரியையும் அதன் முனைகளையும் எர்த் பட்டையையும் பாருங்கள். விளக்கு பிரகாசமாக நிற்க ‘டிக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரின் செம்பு. ‘டிக்’கும் இல்லையென்றால் சாவி சுவிட்ச், ஒட்டோ வண்டியில் கியர் சுவிட்ச். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் நெருப்பு, பெற்றோல். பார்த்ததை ஒரு தாளில் எழுதிவைத்து பாஸிடம் கொடுங்கள். ஸ்டார்ட் ஆகிற நாளில் மட்டும் எந்தச் சாமானையும் மாற்ற விடாதீர்கள்.